இதோ வந்துவிடுகிறேன்

மாதக் கடைசிக்குள் பச்சை இஞ்சினை வாங்கி வந்து தண்டவாளத்தில் நிறுத்தாவிட்டால் என் பெயரையே மாற்றி வைத்துக்கொள்கிறேன் என்று சபதம் செய்தார் டைம்கீப்பர். அவருடைய பெயரை ஊரே மறந்து பல காலம் ஆகிவிட்டதால் இந்தச் சபதத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. கேட்டுக்கொண்டிருந்தது மனைவி ஒருத்திதான். அவள் வாய் நிறையக் குண்டூசி. "ம்" என்றாள்.

பேருந்து நிலையத்தில் விசில் ஊதி வண்டிகளை அனுப்பிவைக்கும் உத்தியோகம் அவருக்கு. டிரைவர் டீ டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது நேரம் வந்துவிட்டால் விசில் ஊதிவிடுவார். டம்ளர் அங்கே, டிரைவர் வண்டியில். டிரைவர்கள் அவரைத் திட்டுவார்கள். ஆனால் கைக்கடிகாரம் நின்றுபோனால் அவரிடம் வந்துதான் மணி கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். இந்த உத்தியோகம் அவருக்கு உடம்பிலேயே ஊறிவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பினால் எந்த வண்டியில் போகிறார், எப்போது இறங்குவார், எந்த வண்டியில் திரும்புவார் என்று ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். ஒப்பிக்காவிட்டால் செருப்பு காலில் ஏறாது. யாராவது பேச்சுக்கு "எப்ப வருவீங்க?" என்று கேட்டால்கூட நிமிஷக் கணக்கோடு பதில் வரும்.

நாளெல்லாம் பெரிய வண்டிகளோடு மாரடிக்கிற மனிதருக்கு வீட்டில் சின்ன வண்டிகள்மேல் மோகம். பின்னறை முழுவதும் பொம்மை ரயில். பலகை அடித்து, தண்டவாளம் போட்டு, பாலம் கட்டி, செருப்பு டப்பாவைக் குடைந்து குகை செய்து, ஸ்டேஷனில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கடிகாரமும் வைத்திருந்தார். ரயில் பெட்டிகள் தயாராக நின்றன. இழுக்கத்தான் ஆள் இல்லை. பழைய சிவப்பு இஞ்சின் ஒரு சுற்று ஓடிவிட்டு அரை நாள் படுத்துவிடும். பச்சை இஞ்சின் ஒன்று வந்தால் எல்லாம் ஓடும்.

மனைவிக்குத் தையல் வேலை. வீட்டிலேயே, கூடத்தில், ஒற்றை மெஷினில். சோபாவில் உட்கார வேண்டுமென்றால் யாருடைய சட்டைமீதாவதுதான் உட்கார வேண்டும். இந்த லட்சணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுவதையும் தைத்துத் தர முடியுமா என்று அவளைக் கேட்டிருந்தார்கள். முடியும், இன்னும் இரண்டு மெஷின் போட்டால். மெஷின் போட இடம்? அவள் பின்னறையைப் பார்த்தாள்.

"இஞ்சினே இல்லாத ரயிலுக்கு ஒரு ரூமா?"

"இஞ்சின் வந்துடும்."

"ரெண்டு வருஷமா வந்துக்கிட்டே இருக்கு."

"கடைக்காரர் எனக்குன்னே எடுத்து வச்சிருக்கார். போனா கையோட வாங்கிட்டு வந்துடலாம்."

"அப்ப போய் வாங்கிட்டு வாங்க. மாசக் கடைசிக்குள்ள வந்துட்டா ரூம் உங்களுக்கு. வரலைன்னா என் மெஷினுக்கு."

டைம்கீப்பருக்கு இப்படி மொட்டையாகப் பேசினால் பிடிக்காது. மாதக் கடைசி என்றால் எந்த நாள், எந்த நேரம்? வந்தால் என்றால் எதுவரை வந்தால்? அவரே விதியை எழுதினார். கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி அடிப்பதற்குள், இஞ்சின் தண்டவாளத்தின்மேல் நிற்க வேண்டும். தெருமுனைக்கு வந்தது, வாசலுக்கு வந்தது எல்லாம் கணக்கில் சேராது. மனைவி நாளைக்கு எதையாவது சொல்லி ஏமாற்றிவிடக் கூடாதே என்ற முன்யோசனை. இதைச் சொன்னது அவர்தான் என்பதை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது.

பொம்மைக் கடை இருந்தது பக்கத்து ஊரில், பஸ் போய் நிற்கிற கடைசி இடத்தில். சந்துக்குள் நுழைந்தால் சலூன், அதை ஒட்டிக் கடை. ஞாயிறு உட்பட எல்லா நாளும் உண்டு என்று பெயர்ப்பலகையிலேயே பெயிண்டால் எழுதியிருந்தது. முதல் ஞாயிறு டைம்கீப்பர் மனைவியிடம் முழு விவரமும் ஒப்பித்துவிட்டுக் கிளம்பிப் போனார். ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டில் ஓர் அட்டை தொங்கியது. 'இதோ வந்துவிடுகிறேன்.'

இதோ என்றால் எவ்வளவு நேரம்? அவருடைய தொழிலில் இப்படி ஒரு நேரமே கிடையாது. பேருந்து நிலையத்தில் 'இதோ' என்று பலகை எழுதி வைத்தால் மறுநாள் கல்லெறிவார்கள். அவர் நின்றார். கால் வலித்தது. சலூன்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"இப்பத்தான் சார் பூட்டிட்டுப் போனாரு. நீங்க அந்த முனை திரும்பறதுக்கும் இவர் ஷட்டரை இழுக்கறதுக்கும் சரியா இருந்தது."

உள்ளே வந்து உட்காரச் சொன்னார். சலூனில் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? முடி வெட்டிக்கொண்டார். கடைசி பஸ் வரைக்கும் 'இதோ' வரவில்லை.

அடுத்த வாரம் முன்கூட்டியே போன் செய்து கேட்டார். கடை திறந்துதான் இருக்கும், தாராளமாக வாங்க என்றார் கடைக்காரர், வாயெல்லாம் சர்க்கரையாக. போனால் அதே அட்டை. அதே சலூன்காரர், அதே 'இப்பத்தான் சார்'. மறுபடி ஒரு முடிவெட்டு. அதற்கடுத்து லீவு போட்டுவிட்டு வாரநாளில் போனார். இந்த முறை அட்டை மாறியிருந்தது. 'சரக்கு எடுக்கப் போயிருக்கிறேன். இதோ வந்துவிடுகிறேன்.' தலையில் வெட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதால் சலூன்காரர் மீசையில் கை வைத்தார். மறுநாள் நிலையத்தில் கண்டக்டர்கள் எல்லோரும், வீட்டில் ஏதாவது வேண்டுதலா சார் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து தையல் மெஷினுக்கு எதிரே நின்று கொதித்தார். கடை வைப்பது ஒரு பொறுப்பு இல்லையா? திறக்கிற நேரம் என்று ஒன்று எழுதி வைப்பது எதற்கு? சந்தில் போகிறவன் படித்துப் பொழுதுபோக்கவா? இவனை மட்டும் டிரைவராகப் போட்டால் ஒரு பஸ்ஸாவது நிலையத்தை விட்டு வெளியே போகுமா?

மனைவி குண்டூசிகளை எடுத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாவம், நீங்க வர்றது அவருக்கு எப்படித் தெரியும் என்று சமாதானம் சொன்னாள். அவ்வளவு ஆறுதலாகப் பேசக்கூடியவள் என்பது இத்தனை வருடத்தில் அவருக்கே தெரியாது. சொம்பை ஒரே மூச்சில் காலி செய்தார்.

கடைசி ஞாயிறு வந்தது. போனால் வாங்க வேண்டும், இல்லையென்றால் பாலம், குகை, ஸ்டேஷன் எல்லாம் அட்டைப் பெட்டிக்குள். டைம்கீப்பர் யோசித்தார். ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போவதால்தான் காரியம் கெடுகிறது என்று தோன்றியது. இதில் யுக்தி ஒன்றும் கிடையாது, வெறும் சகுன பயம். அன்றைக்கு டியூட்டி என்று பொய் சொல்லிவிட்டு, யூனிஃபார்மும் விசிலுமாகக் கிளம்பினார். எந்த வண்டி என்று சொல்லவில்லை. செருப்பு காலில் ஏற மறுத்தது. குதிகாலை வைத்து அழுத்தி மிதித்துக்கொண்டு போனார்.

கடை திறந்திருந்தது. ஷட்டர் முழுசாக மேலே. கடைக்காரர் தரையில் உட்கார்ந்து ஒரு ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"என்ன சார், நீங்களா? போன் வரலையே?"

"என்ன போன்?"

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் பாதி வெளியே வந்த விஷயத்தை மீதியோடு சேர்த்துச் சொல்லித்தானே ஆக வேண்டும். முதல் முறை இவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே, கடை திறந்திருக்கிறதா என்று கேட்கத்தான் மனைவி கடைக்குப் போன் செய்தாளாம். எடுத்தது கடைக்காரரின் மனைவி. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். துணியில் ஆரம்பித்த பேச்சு புருஷன்மாரில் வந்து முடிந்தது. அன்றிலிருந்து கடைக்காரர் வீட்டுத் துணியெல்லாம் டைம்கீப்பர் வீட்டில்தான், கூலி வாங்காமல் தைக்கப்படுகிறது. தைத்த துணி வாராவாரம் பஸ்ஸில் பார்சலாக வருகிறது.

அந்தப் பார்சல் டைம்கீப்பருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து ஊர் வாடிக்கையாம், மனைவியின் கைத்திறமை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பூரித்துப்போய், வாராவாரம் கண்டக்டரிடம் பத்திரம் சொல்லி ஏற்றிவிட்டதே அவர்தான்.

"நான் என்ன சார் பண்றது? உங்க வீட்டம்மா போன் பண்ணி, அவர் கிளம்பிட்டாரு, இன்ன வண்டிம்பாங்க. உடனே என் வீட்டுக்காரி ஷட்டரை இழும்பா. இழுக்கலைன்னா எனக்குச் சோறு கிடையாது. நானும் குடும்பஸ்தன்தானே?"

டைம்கீப்பர் கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்துத் திருகினார்.

"ஆனா ஒண்ணு சார். உங்க நேரம் தப்பினதே இல்லை. சொன்ன வண்டியில, சொன்ன நிமிஷத்துக்கு முனையில நிப்பீங்க. நானும் கடைசி ஆள் வரைக்கும் வியாபாரம் பார்த்துட்டு, நிம்மதியா இழுப்பேன்."

கோபத்துக்கு நடுவிலும் டைம்கீப்பரின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. அதுதான் அவருடைய வியாதி.

இஞ்சினை வாங்கிக்கொண்டார். பளபளவென்ற பச்சை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மணியைப் பார்த்தார். நேரம் தாராளமாக இருந்தது. கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டார்.

"அப்ப எந்த வண்டிக்கு சார் திரும்பறீங்க?"

காலையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தது. டைம்கீப்பர் மடை திறந்த மாதிரி சொன்னார். எந்த வண்டி, எப்போது கிளம்பும், எங்கே இறங்குவார், இறங்கி எத்தனை நிமிஷத்தில் வீட்டு வாசலில் இருப்பார், எல்லாம். சொல்லி முடித்ததும் செருப்பு காலில் கச்சிதமாகப் பொருந்தியது.

பஸ்ஸில் இஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு, மனைவியைக் கேட்கப்போகும் கேள்விகளை ஒத்திகை பார்த்தார். கட்டின புருஷனை நடுச்சந்தில் நிறுத்தலாமா? மீசை போனது யாரால்? முதலில் ஒரு வார்த்தை பேசாமல் நேரே பின்னறைக்குப் போய் இஞ்சினைத் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். அது ஒரு சுற்று சுற்றி வரட்டும். அப்புறம் பேசிக்கொள்ளலாம். அவள் முகம் போகப்போகிற போக்கை நினைத்து அவர் தனியாகச் சிரிக்க, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்.

சொன்ன நிமிஷத்துக்குத் தெருமுனை திரும்பினார். ஆறு அடிக்க இன்னும் நேரம் இருந்தது. வாசலுக்கு வந்தார். கதவில் பூட்டு.

கல்யாணம் ஆனதிலிருந்து அந்தக் கதவில் அவர் பூட்டைப் பார்த்ததில்லை. மனைவி எப்போதும் வீட்டில் மெஷினில் இருப்பாள். சாவி என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பூட்டில் ஒரு துணி தொங்கியது. நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்த வெள்ளைத் துணி. அதில் பச்சை நூலில், ஒரு இழை பிசகாமல், அழகாகப் பின்னியிருந்தது. 'இதோ வந்துவிடுகிறேன்.'

அவசரத்தில் போட்ட தையல் அல்ல அது. ஓரத்தில் பூவேலைகூட இருந்தது. என்றைக்கோ பின்னித் தயாராக வைத்திருக்கிறாள்.

மாடி வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தார்.

"இப்பத்தான் சார் பூட்டிட்டுப் போனாங்க. ஏதோ போன் வந்துது. நீங்க அந்த முனை திரும்பறதுக்கும் இவங்க பூட்டறதுக்கும் சரியா இருந்தது."

டைம்கீப்பர் பின்பக்கம் ஓடினார். பின்னறை ஜன்னல் திறந்துதான் இருந்தது, கம்பி மட்டும். உள்ளே தண்டவாளம் தெரிந்தது, பாலம் தெரிந்தது, ஸ்டேஷன் தெரிந்தது. இஞ்சினைப் பிடித்த கையைக் கம்பிக்குள் தோள்வரை விட்டார். இன்னும் ஒரு சாண் வேண்டும். கன்னத்தைக் கம்பியில் நசுக்கிக்கொண்டு எட்டினார். அரைச் சாண். தூக்கிப் போட்டால் உடைந்துவிடும். உடைந்த இஞ்சின் நிற்காது, நிற்காத இஞ்சின் கணக்கில் வராது. விதி எழுதியவர் அவர்.

"என்ன சார், சொந்த வீட்டுலயே கை வைக்கிறீங்களே" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அப்போது கூடத்துக் கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. தினமும் அவர் கையால் சாவி கொடுக்கிற கடிகாரம், ஒரு நாளும் தவறியதில்லை. ஆறையும் அடித்து முடித்தது. அவர் கையை மெல்ல உருவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

தெருமுனையில் மனைவி வந்துகொண்டிருந்தாள், கையில் காய்கறிப் பை, நடையில் எந்த அவசரமும் இல்லாமல். படியேறி வந்து, அவருடைய யூனிஃபார்மைப் பார்த்தாள், விசிலைப் பார்த்தாள், கன்னத்தில் பதிந்த கம்பித் தடத்தைப் பார்த்தாள். பச்சை இஞ்சினையும் பார்த்தாள்.

"டியூட்டி முடிஞ்சிடுச்சாங்க?"

பொய் சொல்லிவிட்டுப் போனவர், பஸ்ஸில் ஒத்திகை பார்த்த கேள்விகளை எந்த வாயால் கேட்பது? கடைசியில் பூட்டில் தொங்கிய துணியைத்தான் காட்ட முடிந்தது.

"இதோ வந்துவிடுகிறேன்னு போட்டிருக்கே."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"அதான் வந்துட்டேனே."