படத்துக் கரண்ட் எவ்வளவு, மச்சான்?

நெரவி

மரியாதைக்குரிய மச்சான் ஹரிஹரன் அவர்களுக்கு,

நெரவி பஞ்சநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. பிரான்சில் நீங்களும் அக்காவும் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நடவு முடிந்தது, பசு கன்று போட்டிருக்கிறது, எனக்குப் புராஸ்டேட்டில் கேன்சர். மற்றபடி சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கிற வைத்தியம் பாதிதான் முடிந்திருக்கிறது. அதைப் பாதியில் விடுகிற உத்தேசம் எனக்கு இல்லவே இல்லை. ஆனால் போன வாரம் நீங்கள் போன் போட்டு உங்கள் தங்கச்சியிடம், "தினம் கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி படம் வேற எடுக்குறாங்களாமே, அந்தப் படமே புது வியாதியக் கொண்டாந்துடும்"னு சொன்னீங்க பாருங்க, அன்றிலிருந்து சொர்ணம் என்னை வாசல் தாண்ட விடவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த மனுஷர், ஒரு போட்டோவுக்கா இப்படிப் பயப்படுவீர்கள்?

"அந்தப் படத்துல எவ்வளவு கரண்ட் படுதுன்னு அளந்து காட்டட்டும், அப்புறம் போவலாம்" என்று வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் விட்டேனா? ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கணக்குப் பார்க்கிற சிவப்ரியா மேடத்தைப் போனில் பிடித்தேன். "அளந்துடலாம் சார், நாங்களும் அப்பப்ப அளக்குறதுதான். படம் பாக்காம வச்சா இடம் தப்பி மூத்திரப் பையில பட்டுடும், அதான் எடுக்குறோம்" என்றார் அந்தப் பெண். சொர்ணமும் பக்கத்தில் நின்று கேட்டாள், அளக்கிறதுக்காக மறுநாள் கதவைத் திறந்து கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

மூத்திரப் பை நிறைந்திருந்தால்தான் வைத்தியம் சரியாக நடக்கும் என்பதால் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே உட்கார்ந்தேன், மேடம் வந்து மிளகு மாதிரி ஒரு சில்லைப் பிளாஸ்திரி போட்டு என் இடுப்பில் ஒட்டி, "இதுதான் சார் அளக்கும், விழாமப் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போனார், எனக்கு முன்னாடி கரண்ட் வைக்க உள்ளே போன ஆள் வெளியே வருவதாக இல்லை, எனக்கோ வேர்த்துக் கொட்டுது, பிளாஸ்திரி நழுவுது, சொர்ணம் வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் இடுப்புக்கிட்ட என்னமோ பண்ணினாள், எனக்கு அடக்குறதுலயே கவனம், அப்புறம் கூப்பிட்டாங்க, படுத்தேன், படம் எடுத்தாச்சு, உடனே டெக்னீசியன் தமிழ்ச்செல்வன் ஓடி வந்து, "என்னங்க பெரியப்பா, படத்துல வெள்ளையா குழாய் மாதிரி தெரியுது?"ங்கிறார், பார்த்தா என் அரைஞாண் கயித்துல சொர்ணத்தோட வெள்ளித் தாயத்து! அதைக் கழட்டி வாசலில் அவளிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் படம் எடுத்தாங்க, மச்சான், அந்த ரெண்டாவது படம் முடியுறதுக்குள்ள நான் பட்ட பாட்டை எந்த மெஷினாலயும் அளக்க முடியாது. ஒருவழியாகக் கரண்டும் வைத்தாயிற்று. சில்லைச் சொர்ணமே மேடத்திடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் மேடம் போன் பண்ணி, "ஒண்ணுமே படலங்கிற மாதிரி வந்திருக்கு சார், எதுக்கும்..." என்று ஆரம்பித்தார். எனக்கு அதுவரைக்கும் போதும், போனை வைத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், நீங்கள் தோற்றீர்கள். சொர்ணமோ, "அண்ணன் வாயால சொல்லட்டும்" என்கிறாள். இந்தக் கடிதம் கண்டவுடன் போன் போட்டு "நான் சொன்னது தப்பு" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்னும் பல வருஷம் உங்கள் தங்கச்சியோடு சண்டை போட எனக்கு ஆசை. அதற்கு இந்த வைத்தியம் முடிந்தாக வேண்டும், முடித்தே தீருவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத மாப்பிள்ளை,
பஞ்சநாதன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கவரை ஒட்டுவதற்குள் மேடம் மறுபடி போன் பண்ணி, சில்லு எங்கே இருந்தது என்று சொர்ணத்தையே கேட்டார். அது விழுந்துவிடக் கூடாதென்று தாயத்துக்குள்ளே போட்டு மூடி, என் அரைஞாணில் கட்டியிருக்கிறாள் மகராசி! முதல் படத்தை வெள்ளி மறைத்துவிட்டது. இரண்டாவது படத்தின்போது சில்லு வாசலில் அவள் கையில். அளந்தது செல்லாது, நாளைக்குத் திரும்ப அளக்க வேண்டும், எவ்வளவு வருமோ தெரியாது. சாவி மறுபடி இடுப்புக்குப் போயிடும் என்று நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நின்றேன். "வர்றது வரட்டுங்க. இடம் தப்பிப் படாம இருக்கத்தானே அந்தப் பொண்ணு படம் எடுக்குது? ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன், காலையில கெளம்புங்க. நீங்க இல்லாம நான் யாரோட இருக்குறது?" என்றாள். நீங்கள் போன் போட வேண்டாம். தாயத்தை அவளே இந்தக் கவருக்குள் போட்டிருக்கிறாள். அண்ணனுக்குத்தான் பயம் ஜாஸ்தியாம், கட்டிக்கச் சொன்னாள்.