வெள்ளம் வடியட்டும் மாப்பிள்ளை

மதராஸ் பட்டணம்,
மண்ணடி லாட்ஜ் மாடி.
1979, கார்த்திகை மாதம்.

அந்தமான் தீவில் மரம் வெட்டும் கூப்பில் வேலை பார்ப்பவரும், காலஞ்சென்ற என் தங்கை பாஞ்சாலையின் கணவரும், என் மரியாதைக்குரிய மாப்பிள்ளையுமான சின்னராசு அவர்களுக்கு, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவந்து பட்டணத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் தீர்த்தகிரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், தங்கள் பிள்ளைகள் மூவரும், ஒரு சேவலும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் தாங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன்.

நிற்க. தங்கள் பிள்ளைகள் கப்பல் ஏறவில்லை. இனி ஏற்றவும் மாட்டேன். கப்பல் இன்று சாயங்காலம் போய்விட்டது. தாங்கள் இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்ட சம்பூர்ணம் மட்டும் அதில் வந்து இறங்குவாள். இந்தக் கடுதாசி அடுத்த கப்பலில்தான் வரும் என்பதால், அதுவரைக்கும் அவளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். தப்பு அவளுடையது இல்லை. தப்பு முழுக்க உங்களுடையது, கொஞ்சம் கடலுடையது. "பட்டணம் ஒண்ணும் பெரிசில்ல, ரெண்டு ரோடு தாண்டுனா துறைமுகம்" என்று எழுதினீர்களே, அந்த ரெண்டு ரோட்டை நீங்க தாண்டிப் பாத்திருக்கீங்களா மாப்பிள்ளை? மூணு புள்ளைங்களோட?

மொதல்லேர்ந்து சொல்றேன். என் பொஞ்சாதி வெள்ளையம்மாள் பஸ்ஸு வரைக்கும்கூட வரல. புள்ளைங்க கெளம்பறப்போ வூட்டுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா, சாமை குத்தணும்னா. உரலு வெளியில கெடக்குது, உள்ள இன்னாத்தைக் குத்துவா? பெத்தவ போன இந்த ரெண்டு வருசமா கடைக்குட்டி அம்மாக்கண்ணு அவளைத்தான் அம்மான்னு கூப்புடுது, எங்களுக்குன்னு ஒண்ணு இல்லாத வூட்ல அந்தக் கொரல் எப்படிக் கேக்கும்னு உங்களுக்கு எழுதிப் புரியவெக்க முடியாது. கடைசியா கதவிடுக்கு வழியா ஒரு கூடையை மட்டும் நீட்டுனா. உள்ள சேவல். "கடலுக்கு முன்னால கன்னிமாருக்கு அறுத்துடு, வெள்ளம் வடிஞ்சாதான் புள்ளைங்களை அனுப்பணும், சத்தியம் பண்ணு"ன்னா. பண்ணேன். மலையில பொறந்த உங்களுக்குத் தெரியாததா? ஓடையில தண்ணி ஏறுனா சேவல் அறுத்துட்டு, வடியறவரைக்கும் கரையில குந்திகினு இருப்போம், அப்பால எறங்குவோம். கடலும் தண்ணிதானே.

ஜமுனாமரத்தூர்ல ஏறி ஆலங்காயத்துல எறங்கறவரைக்கும் அம்மாக்கண்ணு வாந்தி. மொதல்ல என் மேல, அப்பால சேவல் மேல, அப்பால வெள்ளை வேட்டி கட்டிகினு கல்யாணப் பத்திரிகை வெக்கப் போன ஒரு பெரிய மனுசர் மேல. "புள்ளையை எங்கய்யா கூட்டிகினு போற?"ன்னாரு. அந்தமானுக்குன்னேன். "மூணு வயசுல இன்னா கொலை பண்ணிச்சி?"ன்னு கேட்டாரு. பஸ்ஸே சிரிச்சிது, நான் சிரிக்கல. வாணியம்பாடியில ரயிலு ஏறுனா, அங்க வேற வம்பு. சேவலுக்கு அம்மாக்கண்ணு பேரு வெச்சிருக்கா. கோவிச்சுக்காதீங்க, பேரு சின்னராசு. ஆம்பளைப் பேருன்னா அவளுக்கு உங்க பேருதான் தெரியும், அப்பா பேரு சொல்லுன்னு அக்காக்காரி செந்தாமரை தெனம் சொல்லிக் குடுத்தது, ஒரு வயசுல ஆளைப் பாத்தது ஞாபகம் இல்ல பாருங்க. அரக்கோணம் வரைக்கும் "சின்னராசு பேண்டுட்டான், சின்னராசு பேண்டுட்டான்"னு கத்திகினே வந்தா.

சென்ட்ரல்ல கடிகாரத்துக்குக் கீழ சம்பூர்ணம் நிப்பான்னு எழுதியிருந்தீங்க, நின்னா. கால்ல செருப்பு, தோள்ல கைப்பை. எந்த ஊருன்னேன். படவேடுன்னா. மலையைக் கீழேர்ந்து அண்ணாந்து பாத்தவ, சரி. "வாங்கண்ணா"ன்னா. எனக்கு ஒரே தங்கச்சிதான் இருந்தா, அவ செத்துட்டா, என்னை அண்ணான்னு கூப்புடாதேன்னேன். "சரிங்கண்ணா"ன்னா. இந்த மாதிரி ஒருத்தியை எங்க புடிச்சீங்க?

மலையில எப்படி நடப்போம்? பெரியவன் முன்னால, புள்ளைங்க பின்னால ஒத்தை வரிசை. திரும்பிப் பாக்கறதில்ல. முன்னால போறவன் கூ குடுத்தா பின்னாலேர்ந்து பதில் கூ வரும், எல்லாம் இருக்குதுன்னு அர்த்தம். பாரிமுனையிலயும் அப்படித்தான் நடந்தேன். "கையைப் புடிச்சிக்கங்கண்ணா"ன்னா சம்பூர்ணம். ஒத்தையடிப் பாதையில கையைப் புடிச்சா ரெண்டு பேரும் பள்ளத்துல போவோம்னு அவளை அடக்கிட்டேன். நடு ரோட்ல நின்னு கூ குடுத்தேன். செந்தாமரை பதில் குடுத்தா. அர்ச்சுனன் குடுக்கல. திரும்பிப் பாத்தா பையன் இல்ல மாப்பிள்ளை! மறுபடி குடுத்தேன், மறுபடி குடுத்தேன், பஸ்ஸு ஒறுமுது, லாரி அலறுது, போலீஸ்காரர் ஓடியாந்து "யோவ், நரியாட்டம் இன்னா ஊளை?"ன்னு சட்டையைப் புடிச்சாரு. பையனைக் காணோம் சாமின்னேன். "அதுக்கு ஊளையிட்டா வந்துடுவானா?"ன்னாரு. எங்க ஊர்ல வந்துடுவான் சாமி.

இந்த சம்பூர்ணம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம, எதிர்ல துணிக்கடை மாடியில ஏறுனா. மேல நின்னு கூ குடுத்தா. அது கூவே இல்ல, தொண்டையில முள்ளு மாட்டுன கொரலு. ரோட்ல போறவனெல்லாம் அண்ணாந்து பாத்து சிரிச்சான். அவ நிறுத்தல. கடைக்காரன் கையைப் புடிச்சு இழுத்தான், அப்பவும் நிறுத்தல. கொத்தவால்சாவடி பக்கத்துலேர்ந்து சன்னமா ஒரு பதில் வந்துது. ஓடுனோம். புளி மண்டி வாசல்ல நிக்கறான் உங்க புள்ளை, குமிச்சு வெச்ச புளியைப் பாத்துகினு. "மாமா, இது நம்ம மலைப் புளியா?"ன்னு கேட்டான். ஒரு அறை வெச்சேன். அப்பால நானே அழுதேன். அவ அவனைத் தூக்கிகினு நடந்தா, ஆறு வயசுப் பையனை, அந்தச் செருப்போட. அது ஒண்ணுதான் அவ செஞ்ச நல்ல காரியம், அதை மறைக்கக் கூடாதுன்னு எழுதறேன்.

லாட்ஜ் கதை வேற. எனக்கும் புள்ளைங்களுக்கும் ஒரு ரூம்பு, சம்பூர்ணத்துக்கு அடுத்த ரூம்பு. செவத்துல பைப்பு. அர்ச்சுனன் தொறந்தான், தண்ணி வந்துது, அப்படியே வுட்டுட்டு வந்து படுத்துட்டான். மூடணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்? மலையில ஊத்துத் தண்ணியை எவன் மூடுவான்? எனக்கே தோணல, சலசலன்னு சத்தம் கேட்டுது, நம்ம ஊர்ல படுத்த மாதிரி சொகமா தூங்குனோம். காலையில தண்ணி மாடிப்படி எறங்கி மேனேஜர் மேசைக்குக் கீழ நிக்குது. குடத்துக்கு அடிதடி நடக்கற ஊராம் இது. மூச்சு வுடாம திட்டுனாரு, திட்டு தீர்ந்துபோனப்போ, கூடையைக் காட்டி "இது யாரு?"ன்னாரு. "சின்னராசு"ன்னு அம்மாக்கண்ணு சொல்லிச்சு. தலையில கையை வெச்சிகினு குந்திட்டாரு பாவம்.

இப்போ இன்னிக்கு நடந்தது. காலையில சம்பூர்ணம் டிக்கெட் சமாச்சாரமா துறைமுகம் போனா, "மத்தியானத்துக்கு ரெடியா இருங்கண்ணா"ன்னுட்டு. சத்தியம் பண்ணது இருக்குதே, அதனால நான் புள்ளைங்களையும் சேவலையும் கூட்டிகினு கடற்கரைக்குப் போனேன். ஐயோ மாப்பிள்ளை! அவ்ளோ வெள்ளமா? எந்த மலையில பேஞ்ச மழை அது? எதிர்க்கரையே தெரியல. கரையில அடிக்குது, திரும்பப் போவுது, மறுபடி அடிக்குது. இதுல எறங்கறதான்னு குந்திட்டேன். வடியட்டும்னு குந்திட்டேன். சுண்டல்காரன் ஒருத்தன் வந்தான். எப்போ வடியும்னு கேட்டேன். "எது?"ன்னான். வெள்ளம்னேன். பொட்டலம் மடிக்கறதை நிறுத்திட்டு என்னையே பாத்தான். "பெரியவரே, நான் பொறந்ததுலேர்ந்து இப்படித்தான் கீது"ன்னான். உங்கப்பன் காலத்துலன்னேன். "அப்பவும்தான்"ன்னான். பட்டணத்துக்காரன் பேச்சை நம்பறதா?

சரி, சேவலையாவது அறுக்கலாம்னு கத்தியை எடுத்தேன். அம்மாக்கண்ணு மண்ணுல வுழுந்து பொரண்டு, "ஐயோ, மாமா சின்னராசுவை வெட்டறான்! எங்க சின்னராசுவை வெட்டறான்!"ன்னு வீறிட்டா. கூட்டம் கூடிடுச்சு. "எவன்டா சின்னராசு? எங்கடா போட்டே அவனை?"ன்னு நாலு மீன்காரங்க என் கையை முறுக்கிட்டாங்க. சேவலைக் காட்டித் தப்பிக்கறதுக்குள்ள உசுரு போய் உசுரு வந்துது. அறுக்கல. கத்தியை மடியில சொருகிகினு மறுபடி குந்துனேன். மத்தியானம் ஆச்சு, வடியல. வெயிலு சாஞ்சுது, வடியல. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஊதிச்சு. நான் திரும்பிப் பாக்கல. செந்தாமரை பாத்தா, ஒண்ணும் சொல்லல.

நீங்க என்னைப் பைத்தியக்காரன்னுதான் சொல்வீங்க. சொல்லுங்க. பாஞ்சாலை ஓடையில எறங்கறப்போ நீங்க அந்தமான்ல இருந்தீங்க. நான் கரையில இருந்தேன். தலையில சாமை மூட்டை, சந்தைக்கு நேரமாச்சுன்னு எறங்கிட்டா. வடியட்டும் தங்கச்சின்னு கூ குடுத்தேன். தண்ணி சத்தத்துல அவளுக்குக் கேக்கல. என் பக்கத்துல நின்னு செந்தாமரையும் கூ குடுத்தா, ஏழு வயசுல. பதில் வரல. அப்பால உங்களுக்குத் தந்தி போயி, கப்பல் கெடைச்சு நீங்க வர்றதுக்குள்ள காரியமே முடிஞ்சுபோச்சு. கப்பல்னா எனக்கு அதுதான் ஞாபகம். அந்தக் குடும்பத்துல மிச்சம் இருக்கற மூணையும் தண்ணியில நான் எறக்கணுமா? மாட்டேன் மாப்பிள்ளை. நாளைக்கே மலைக்கு இஸ்துகினு போறேன். பாக்கணும்னா நீங்க வாங்க. சாமைச் சோறு இருக்குது, தேன் இருக்குது, உங்களுக்கும் சேத்து ஆக்கிப் போடுவா வெள்ளையம்மாள்.

இத்துடன் முடிக்கிறேன். தாங்கள் மரம் சாய்க்கையில் ஒதுங்கி நிற்கவும். மழையில் நனையாதிருக்கவும். கன்னிமார் ஏழு பேரும் தங்களைக் காக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும், தங்கள் மேல் கோபமும் பாசமும் சரிசமமாக உள்ள மைத்துனன்,
தீர்த்தகிரி.

பின்குறிப்பு: கடுதாசியை மடிச்சு ஒட்டப்போற நேரத்துல கதவைத் தட்டறாங்க. சம்பூர்ணம். போகல அவ. கால்ல செருப்பு இல்ல, பொடவையெல்லாம் மணலு, வாயைத் தொறந்தா காத்துதான் வருது. மத்தியானத்துலேர்ந்து கடற்கரை பூரா அந்த முள்ளுத் தொண்டையில கூ குடுத்துகினே நடந்திருக்கா, நாங்க ஒரு மூலையில குந்தியிருந்தது தெரியாம. ஊதுனது வேற கப்பலாம். நம்ம கப்பல்ல ஏதோ மெசினு பழுது, நாளைக்குக் காலையிலதான் பொறப்படுதாம்.

வெள்ளம் வடியாம அனுப்பமாட்டேன்னு நான் வாயெடுக்கறதுக்குள்ள செந்தாமரை சொல்லிட்டா. "அது வடியாது மாமா. நான் காலையிலயே சுண்டல்காரரைத் தனியா கேட்டுட்டேன். அப்பாவைப் பாக்கணும் மாமா." பின்ன ஏன்டி பொழுது சாயறவரைக்கும் கம்முனு குந்திகினு இருந்தேன்னு கேட்டேன். "நீ இன்னும் கொஞ்ச நேரம் எங்களோட இருக்கணும்னுதான்"ன்னா. ஒம்போது வயசு மாப்பிள்ளை. அம்மாக்கண்ணு சம்பூர்ணம் மடியில தூங்கிகினு கீது, மணலைத் தட்டக்கூட அவ அசையல. தங்கச்சி, சாப்புட்டியான்னு கேட்டேன்.

அதனால மேல எழுதுனதை எல்லாம் அடிச்சுடுங்க. வேற பேப்பர் இல்ல. இதை உங்க கையில குடுக்கறவ செந்தாமரைதான். சேவலும் வருது, சம்பூர்ணம் கூடையில துணி போட்டு மறைச்சிருக்கா. அறுத்துடாதீங்க, ஒரு வூட்ல ரெண்டு சின்னராசு ஒத்துமையா இருங்க. கன்னிமாருக்கு நான் மலையில வேற சேவல் பாத்துக்கறேன். வெள்ளையம்மாளுக்கு இன்னா சொல்றதுன்னுதான் தெரியல.

காலையில கப்பல் நகர்றப்போ நான் கரையில நின்னு கூ குடுப்பேன். கேக்கறவரைக்கும் பதில் குடுக்கறேன்னு அர்ச்சுனன் சொல்லியிருக்கான். அங்க எறங்குனதும் மூணு பேரையும் கடலைப் பாத்து நிக்கவெச்சு ஒரு தபா கூ குடுக்கச் சொல்லுங்க. எனக்குக் கேக்காதுதான். இருந்தாலும் குடுக்கச் சொல்லுங்க.