உடைந்ததாக யாரும் சொல்லாத பாலம்

மேதைநாடு என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடத்தில் ஒரு பிழை இருப்பதாக ஒருவர் சொல்லப்போய், வரைபடமே அவர் வீட்டுப் பரணுக்குப் போய்விட்டது.

அந்நாட்டில் மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிடுபவர் ஒருவர்தான் என்பதால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அவர் பெயர் குறைவிலா வர்மர். ஒவ்வோர் உரையின் முடிவிலும் இரு கைகளையும் விரித்து, "எம் ஆட்சியில் குறை கண்டவர் எவரேனும் உண்டா?" என்று கேட்பார். கூட்டம் மூச்சைக்கூட மெதுவாக விடும். மன்னர் மனதுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுப் புன்னகைப்பார். பிறகு கைதட்டல். பிறகு எல்லோருக்கும் பானகம்.

முன்பு இவ்வளவு அமைதி கிடையாது. விளக்கு எரியவில்லை, வாய்க்கால் ஓடவில்லை என்று தினமும் அரண்மனை வாசலில் கூச்சல். மன்னருக்குத் தீராத தலைவலி. அதற்கு மருந்து கண்டவர் ஆயுள்கல்வி அமைச்சர் புவனேந்திரர்.

"மன்னா, மக்கள் முறையிடுகிறார்கள் என்றால், அவர்கள் கற்க வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். கல்விக்கு வயது தடையல்ல. பொறுப்புக்கும் தடையல்ல" என்றார் அவர்.

அப்படிப் பிறந்ததுதான் கண்டவர் பொறுப்புச் சட்டம். ஒரே வாக்கியம்: 'குறையை முதலில் கண்டு சொல்பவர் எவரோ, அக்குறையும் அக்குறை உள்ள பொருளும் அன்று முதல் அவருடையவை, அதைச் சீர்செய்யும் கல்வியை அவர் ஆயுள் முழுதும் கற்கக் கடவர்.' அமைச்சர் இதை எழுதிவிட்டு, அதன் அழகைத் தானே மெச்சி, அன்று இரண்டு வேளை தூங்கினார்.

சட்டத்தின் முதல் மாணவி சிட்டம்மாள். தெருவிளக்கு எரியவில்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மறுநாள் நான்கு பேர் வந்து விளக்குக் கம்பத்தைப் பிடுங்கி அவள் வாசலில் குறுக்கே போட்டார்கள். அன்று முதல் அவள் விளக்கியல் மாணவி.

"நல்ல காலம், வானத்துல மேகம் இல்லேன்னு சொல்லலை. வானத்தைக் கொண்டாந்து போட்டிருப்பானுங்க" என்றாள் சிட்டம்மாள், கம்பத்தைத் தாண்டி வீட்டுக்குள் போனபடி.

பள்ளிச்சுவர் சாய்கிறது என்று சொன்ன ஒருவர் வீட்டு முற்றத்தில் வண்டி வண்டியாகச் செங்கல் இறங்கியது. அவருக்குச் செங்கல்காரர் என்றே பெயர் வந்தது, அவருடைய பசுமாடு தெருவில் படுத்தது. அதற்குப் பிறகு மேதைநாடு கற்றுக்கொண்ட வேகத்தைப் பார்த்து அமைச்சரே வியந்தார். இருட்டில் முட்டிக்கொண்டவர்கள் நிலா தாமதம் என்றார்கள். தெருப்பள்ளத்தில் விழுந்தவர்கள், "சும்மா உட்கார்ந்து யோசிக்கிறேன்" என்றார்கள். அரசு அதை ஒரு பாடமாகவே ஆக்கியது: பார்த்தும் பாராமை.

அந்தப் பாடத்தில் முதல் மாணவன் மாசிலாமணி. மறுகரைச் சந்தையில் கீரை விற்பவன். படிப்பில் அவனுக்கு அப்படியொரு வெறி. எந்தப் பாடம் திறந்தாலும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவான். பாடத்துக்கொரு பித்தளை வில்லை தருவார்கள். அத்தனையையும் சட்டையின் இடப்பக்கமே குத்திக்கொண்டதால், நடக்கும்போது ஆள் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்திருப்பான்.

"வில்லை ராசா வர்றாரு, வழி விடுங்க" என்பாள் அவன் மனைவி பூங்காவனம். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

ஒருநாள் காலையில் ஆற்றுப் பக்கமிருந்து ஊரே அதிரும்படி ஒரு சத்தம்.

"என்னங்க அது?"

"இடி."

"வெயில் பல்லைக் காட்டுதே."

"வெயில்ல இடிக்கிற இடி" என்றான் மாசிலாமணி, கீரையைக் கட்டியபடி.

கூடையோடு ஆற்றங்கரைக்குப் போனான். பாலம் கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரை இருந்தது. அதற்கப்புறம் ஆறுதான் இருந்தது. அவனுக்கு முன்னால் வந்தவர்கள் விளிம்புவரை நடந்து, நின்று, நெற்றியில் தட்டிக்கொண்டு, "அடடா, குடையை மறந்துட்டேன்" என்று திரும்பிக்கொண்டிருந்தார்கள். அது சித்திரை மாதம். மாசிலாமணியும் நெற்றியில் தட்டிக்கொண்டான்.

மறுகரையிலிருந்து வரும் உப்பு நின்றது. கடையில் உப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் கடை தலையில் விழும். அமைச்சர் இக்கரைக் கல்வி என்று புதிய துறையைத் தொடங்கினார். உப்பில்லாமல் சமைப்பது, உறவினரோடு ஆற்றுக்குக் குறுக்கே கத்திப் பேசுவது, மறுகரை என்று ஒன்று இருப்பதையே மறப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லை. மருத்துவச்சி வேதவல்லி இருப்பது மறுகரையில் என்பதால், கர்ப்பிணிகளுக்குத் தற்பிரசவம் என்ற பாடம் கட்டாயமானது.

பாடம் நடத்த வந்தவர் மணமாகாத இளைஞர். கரும்பலகையில் படம் வரைந்து காட்டினார். படத்தில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"இவரு சொல்றபடி பெத்தா பிள்ளை பலகையிலதான் பொறக்கும்" என்றாள் பூங்காவனம், வீட்டுக்கு வந்ததும். கொஞ்சம் பொறுத்து, குரலை இறக்கிச் சொன்னாள். "ஏங்க, மூத்தவ பொறக்கையிலேயே என் உசிரு போயிட்டு வந்துச்சு. வேதவல்லியக்கா இல்லேன்னா நான் இல்லை. பாலத்தைப் பத்தி யாராச்சும் பேசினாங்களா?"

"எந்தப் பாலம்?" என்றான் மாசிலாமணி. பழக்கம்.

பூங்காவனம் அவனையே பார்த்தாள்.

"சரி. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, எந்தப் பூங்காவனம்னு கேட்பீங்க. அதுக்கும் ஒரு வில்லை குடுப்பாங்க. குத்திக்குங்க."

அன்று சாப்பிட்டது உப்பில்லாத குழம்பு என்பது அவனுக்கு முதல்முறையாக நாக்கில் தெரிந்தது.

பூங்காவனத்துக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தபோது நாட்டின் தலைசிறந்த மாணவனுக்குப் பட்டம் சூட்டும் விழா வந்தது. விழா ஆற்றங்கரையில். மாணவன், வேறு யார், மாசிலாமணிதான். அமைச்சர் புவனேந்திரர் ஆற்றுக்கு முதுகைக் காட்டியபடி மேடையில் அமர்ந்திருந்தார். பட்டத்துக்கு முன் ஒரே ஒரு வாய்மொழிக் கேள்வி. விடையை முன்தினமே சொல்லித் தந்திருந்தார்கள்.

"செல்வ மாணவனே, எமக்குப் பின்னால் என்ன தெரிகிறது?"

விடை: வளர்ச்சி.

மாசிலாமணி வாயைத் திறந்தான். முன்வரிசையில் பூங்காவனம், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தாள்.

"பாலம் உடைஞ்சிருக்குங்க ஐயா."

மேளக்காரன் கோலைத் தூக்கியபடி நின்றுவிட்டான். அமைச்சர் கருணையோடு குனிந்தார்.

"மகனே, பதற்றம் இயல்புதான். கேள்வியை மறுமுறை கேட்கட்டுமா?"

"மறுமுறை கேட்டாலும் உடைஞ்சுதாங்க இருக்கு."

அமைச்சர் நிமிர்ந்தார். "கேட்டீர்களா, குடிமக்களே! உடைந்த பாலம் இன்று முதல் இவனுடையது. இவன் ஆயுள் முழுதும் பாலவியல் கற்கக் கடவன்!"

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அவன் எங்க முதல்ல பார்த்தான்? நான் பார்த்து ரெண்டு மாசம் ஆவுது!" என்று எழுந்தாள் சிட்டம்மாள். "முத முதல்ல குடையை மறந்தது நான்தான்!"

"அக்கா, உங்களுக்குக் குடையே கிடையாதே!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அதனாலதாண்டி மறந்தேன்!"

"யாரு முதல்ல? இடிஞ்ச சத்தத்தைக் கேட்டதே நான்தான்" என்றார் செங்கல்காரர். அப்புறம் இன்னொருவர். அப்புறம் யார் பேசுவது என்றே தெரியவில்லை. இத்தனை நாள் வாயில் அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வந்தது. கிழவர்கள், தற்பிரசவ ஆசிரியர், ஏன், மேளக்காரன்கூட, தான்தான் முதலில் பார்த்ததாகக் கோலை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டான்.

அமைச்சருக்கு ஒரே ஆனந்தம். "அப்படியானால் பாலம் அனைவருக்கும்! அனைவரும் ஆயுள் மாணவர்கள்!" என்று அறிவித்துவிட்டுப் பல்லக்கில் ஏறினார். ஓர் ஊர் முழுவதையும் ஒரே நாளில் கல்லூரியில் சேர்த்தவர் உலக வரலாற்றில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

யாருக்கும் பாலம் கட்டத் தெரியாது. முதலில் கட்டியது ஆற்றின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. ஏன் படுத்தது என்று கரையில் உட்கார்ந்து கத்திக் கத்திப் பேசினார்கள். "நீ கட்டின தூண் கோணல்" என்று ஒருத்தர் சொன்னால், மற்றவர் முறைத்துவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு, "ஆமா, கோணல்தான்" என்று திரும்பி வந்தார். குறையைச் சொல்ல யாருக்கும் பயம் இல்லை. பாலம்தான் ஏற்கெனவே அவர்கள் தலையில் விழுந்துவிட்டதே!

செங்கல்காரர் முற்றத்துச் செங்கல் தூணாயிற்று. சிட்டம்மாளின் விளக்குக் கம்பமும், அவளைப் போன்ற மாணவர்கள் வீட்டுக் கம்பங்களும் விட்டமாயின. மாசிலாமணியின் வில்லைகள் ஆணிகளுக்கு அடியில் அண்டை கொடுக்கப் பயன்பட்டன. பல வருடங்களுக்குப் பிறகு அவன் நேராக நடந்தான்.

வலி எடுத்தபோது பாலத்துக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. பூங்காவனம் புருஷனின் தோளைக் கைப்பிடியாக்கிக்கொண்டு, வழி நெடுக அவனைத் திட்டிக்கொண்டே மறுகரைக்கு நடந்தாள். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். திரும்பி வரும்போது வேதவல்லி ஒரு மூட்டை உப்பும் கொடுத்தனுப்பினாள்.

பாலம் எழுந்துவிட்டது என்ற செய்தி அரண்மனைக்கு எட்டியதும், திறப்பு விழாவுக்கு மன்னரே வந்தார். தேர்தலும் நெருங்கியிருந்தது.

"எம் ஆட்சியில், எம் கல்வியால், எம் தொலைநோக்கால் எழுந்த பாலம் இது!" என்று முழங்கினார் குறைவிலா வர்மர். தூணில் கை வைத்துப் பார்த்தார். பானகக் குடங்கள் வரிசையாகத் தயாராக இருந்தன. உரை முடிந்தது. மன்னர் வழக்கம்போல இரு கைகளையும் விரித்தார்.

"எம் ஆட்சியில் குறை கண்டவர் எவரேனும் உண்டா?"

கூட்டம் மூச்சை மெதுவாக விட்டது.

மன்னர் மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்று.

முன்வரிசையில் பூங்காவனம் குழந்தையை மாசிலாமணியின் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அது வந்துங்க, ராசா..." என்றாள்.

மேடையில் அமைச்சர் புவனேந்திரரின் உதடுகள் தாமாக அசைந்தன. 'அக்குறையும், அக்குறை உள்ள பொருளும்...' என்ற இடத்தில் நின்றன. குறை ஆட்சியில் என்றால், பொருள் எது? அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"கைதட்டுங்கள்!" என்று அலறினார். "எல்லோரும் உடனே கைதட்டுங்கள்! பானகம்! பானகம் எங்கே?"

யாரும் கைதட்டவில்லை. சிட்டம்மாள் எழுந்தாள், செங்கல்காரர் எழுந்தார், மேளக்காரன் மேளத்தைக் கீழே வைத்தான். இக்கரையிலும் மறுகரையிலும் நின்ற அத்தனை பேரும், யார் முதல் என்று எவராலும் சொல்ல முடியாதபடி, ஒன்றாகத் தொண்டையைச் செருமினார்கள்.

மன்னர் இன்னும் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தார். அவர் இரண்டு வரை எண்ணியிருந்தார்.