ஜோஸ்வின் பார்த்து வைத்த எதிர்காற்று ஊர்

தடைக்காலம் தொடங்கி இருபதாம் நாள் சாயந்தரம் ஐந்து மணிக்கு, பாம்பன் ஜோஸ்வின் ஒரு பெரிய முடிவு எடுத்தான். இனிமேல் பொண்டாட்டி விஷயத்தில் பொறாமையே படுவதில்லை.

ஐந்தேகாலுக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

ஜோதிமேரி இங்கிலாந்தில், நாட்டிங்காம் என்கிற ஊரில் நர்ஸ். போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. கல்யாணமாகி இரண்டு வருசத்தில் பாதிக்கு மேல் அவன் குடும்பம் நடத்தியது போனோடுதான். படகு ஓடுகிற நாளில் பரவாயில்லை. கடலில் சிக்னல் கிடைக்காது, பொறாமையும் கிடைக்காது. ஆனால் மீன் குஞ்சு பெருகட்டும் என்று விசைப்படகையெல்லாம் அறுபத்தொரு நாள் கரையில் கட்டிப்போடச் சொல்லிவிட்டார்கள். மீன் பெருகியதோ என்னவோ, வீட்டில் சும்மா கிடந்த ஜோஸ்வினுக்கு வேண்டாத நினைப்பெல்லாம் குட்டி போட்டுப் பெருகியது.

"என்னங்க, உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும்."

"கேளு புள்ள."

"மூணு நாள் லீவு கிடைச்சிருக்கு. நாங்க நாலு பேரு ஏதாச்சும் ஒரு ஊருல ரூம் போட்டு, பகலெல்லாம் சைக்கிள்ல சுத்திட்டு வாரதா இருக்கோம். எந்த ஊருல தங்குறதுன்னுதான் ஒரே அடிபிடி. மூணு ஊரு பேரு வச்சிருக்கோம். நீங்க காத்து, மழையெல்லாம் பாக்கத் தெரிஞ்ச ஆளு. நீங்களே ஒண்ணச் சொல்லுங்களேன்."

ஜோஸ்வினுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. பாம்பனுக்கு வெளியே அவனிடம் யோசனை கேட்ட முதல் நாடு இங்கிலாந்துதான்.

"நாலு பேருன்னா யாரு யாரு?"

"நானு, ரெண்டு மலையாளத்துப் பிள்ளைக, அப்பறம் நம்ம வினோத்குமார் அண்ணன்."

விரிந்த நெஞ்சு நாலு அங்குலம் சுருங்கியது.

"நம்மவா?"

"கூட வேலை பாக்குற கமுதிக்காரருங்க. நம்ம ஜில்லான்னு சொன்னேன்."

"அண்ணனா?"

"பின்ன, தம்பின்னா சொல்ல முடியும்? உங்கள விட உசரமா இருக்காரு."

இதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜோஸ்வின் எழுந்து போய்க் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தான். குதிகாலைத் தூக்கியும் பார்த்தான். வினோத்குமார் இன்னும் உசரமாகத்தான் இருந்தான், இத்தனைக்கும் அவனை ஜோஸ்வின் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்தான். மூன்று ஊர்: கெஸ்விக், யார்க், ஸ்கெக்னஸ். பக்கத்து வீட்டுக் கிறிஸ்டினா அக்கா வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டே இவனைக் கவனித்தாள். அந்தத் தெருவில் அவள் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது.

"என்னலே, போனை அப்படி முறைக்கிற? அது என்ன தப்பு செஞ்சுச்சு?"

"ஜோதி சைக்கிள்ல சுத்தப் போறாக்கா. ஊரு பாக்கச் சொல்லியிருக்கா."

"பாத்துட்டியா?"

"இந்தக் கெஸ்விக்கைப் பாருங்க. சுத்தி மலை, நடுவுல ஏரி, பனிமூட்டம்."

"நல்லாத்தான இருக்கு?"

"அதுதான் பயம். மேட்டுல சைக்கிள் ஏறாது. ஏறலைன்னா எறங்கித் தள்ளணும். பின்னாலயிருந்து ஒருத்தன், நான் தள்ளவான்னு வருவான். வேணாம்."

"யார்க்கு?"

"சமதரைதான். ஆனா தெருவைப் பாருங்க, ரெண்டு பக்கத்து வீடும் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு நிக்கிது. வீடே இப்படி நின்னா மனுசன் எப்படி நிப்பான்? வேணவே வேணாம்."

கிறிஸ்டினா அக்கா நெத்திலியை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். "ஏலே, உனக்குப் பொண்ணு பாத்தப்பகூட உங்கய்யா இம்புட்டு அலசலையேலே!"

மூன்றாவது ஊரைத் திறந்ததும் ஜோஸ்வின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஸ்கெக்னஸ் கடற்கரை ஊர். சுற்றிலும் பலகை போட்டது மாதிரி சமதரை. மலை இல்லை, மரம் குறைவு, ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் ஒதுங்கி நிற்க ஒரு மறைவு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, காற்று! கடலுக்குப் போகுமுன் காற்றுப் பார்ப்பதற்கென்று போனில் வைத்திருக்கிற மேப்பை இங்கிலாந்துப் பக்கம் நகர்த்தினான். தென்மேற்கிலிருந்து அம்பு அம்பாக வந்துகொண்டிருந்தது. அசல் கச்சான். நம்ம ஊர்ப் படகையே பின்னால் தள்ளுகிற காற்று.

"அக்கா, கடல் கிழக்க இருக்கு. சைக்கிள்ல கிளம்புனா மேற்கதான் போகணும். முகத்துல அடிக்கும் பாருங்க கச்சான்! கமுதிக்காரன் மிளகாத் தோட்டத்தைக் கண்டான், காத்தைக் கண்டானா? ரெண்டாவது மைல்ல நாக்குத் தள்ளி ரோட்டுல உக்காந்துருவான்."

"உன் பொண்டாட்டியும் அதே ரோட்டுலதான போவா?"

"போகட்டும். ஒருநாள் போனா, போதுஞ் சாமின்னு ரூமுல படுத்துக்கிருவா. மலையாளத்துப் பிள்ளைக காலப் பிடிச்சுவிடும்."

சாயந்தரம் போனில் தீர்ப்பைச் சொன்னான்.

"ஸ்கெக்னஸ்."

"ஐயையோ, அங்கன காத்து ஜாஸ்தின்னு சொல்றாங்களேங்க."

"காத்து உடம்புக்கு நல்லது."

"கெஸ்விக்ல ஏரியெல்லாம்..."

"ஏரியப் பாக்கவா கடல்புறத்துல பொறந்த? ஸ்கெக்னஸ்தான். முடிஞ்சு போச்சு."

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்." சத்தமில்லாமல் போனை வைத்துவிட்டாள். இவ்வளவு அடக்கமான பொண்டாட்டி யாருக்குக் கிடைக்கும் என்று ஜோஸ்வின் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றான்.

அந்த நாளும் வந்தது. மத்தியானம் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் போனைத் திறந்தான். அம்புகள் எல்லாம் தென்மேற்கிலிருந்து சீறிக்கொண்டிருந்தன. "அடி ராசா, அடி!" என்று ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த காற்றை உசுப்பேற்றினான். மூன்று மணி ஆனது. நான்கு ஆனது. வினோத்குமார் இந்நேரம் எந்த மைல்கல்லில் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்து நினைத்துச் சிரித்தான்.

நாலரைக்கு ஒரு போட்டோ வந்தது.

மூன்று பெண்கள் சைக்கிளில். நடுவில் ஜோதி, கால் இரண்டையும் மிதிக்காமல் விரித்து வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்துகொண்டிருந்தாள். அவள் கழுத்துத் துப்பட்டா அவளுக்கு முன்னால் கொடி மாதிரி பறந்துகொண்டிருந்தது.

ஜோஸ்வின் போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். அப்படியும் துப்பட்டா முன்னால்தான் பறந்தது.

உடனே போன் போட்டான்.

"ஏ புள்ள, காத்து என்ன முதுகுல அடிக்கிது?"

"ஆமாங்க! சூப்பரா தள்ளுதுங்க! மிதிக்கவே வேணாம்."

"எதிர்காத்துல்ல அடிக்கணும்?"

"சைக்கிள்ல போனா எதிர்காத்து. அதான் காலையில சைக்கிளை ரயில்ல ஏத்திக்கிட்டு மேற்க பாஸ்டனுக்குப் போய்ட்டோம். அமெரிக்காவுல இருக்கே, அது இல்ல, இது இங்கன உள்ள பாஸ்டன். அங்கனயிருந்து திரும்பி வாரோம். கச்சான் ரூமு வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுரும். நான் என்ன கமுதியிலயா பொறந்தேன், காத்து தெரியாம இருக்க?"

ஜோஸ்வினின் கச்சான் கணக்கு கவிழ்ந்துபோனது. ஆனாலும் பொறாமைக்கு இன்னும் மூச்சு இருந்தது.

"போட்டோவுல மூணு பேருதான் இருக்கீக. எடுத்தது யாரு?"

"ரோட்டுல நாய கூட்டிட்டு வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி."

"பொய் சொல்லாத. வினோத்குமார் எங்க?"

"அவரு நாட்டிங்காம்ல டூட்டி பாத்துக்கிட்டு இருப்பாரு."

"வரலையா?"

"வாரதா இருந்ததே இல்லையேங்க."

வராத ஒருத்தனுக்காக ஜோஸ்வின் மூன்று ஊரை அலசி, ஒரு நாட்டுக் காற்றையே துணைக்குக் கூப்பிட்டிருக்கிறான். வலைக்கு அந்தப் பக்கம் கிறிஸ்டினா அக்கா நெத்திலியைப் புரட்டாமல், காதை மட்டும் இந்தப் பக்கம் போட்டு வைத்திருந்தாள்.

"அப்பறம் எதுக்குடி நாலு பேருன்ன? எதுக்கு அவன் பேரச் சொன்ன?"

ஜோதிமேரி சொன்னாள், ரொம்பப் பணிவாக:

"கிறிஸ்மசுக்கு லண்டன் பாக்கப் போகவான்னேன், வேணாம்னீங்க. ஈஸ்டருக்குக் கேட்டேன், வேணாம்னீங்க. இந்தத் தடவை அவரு பேரச் சொல்லி உங்கள ஊரு அலச விடலைன்னா, வேணாம்னு சொல்ல உங்களுக்கு நேரம் இருந்திருக்கும்லங்க?"