பச்சை டிக் போடுகிறவன்

இதோ, உங்கள் முன்னால் பச்சை டிக் இனம். கம்ப்யூட்டர் உள்ள எந்த அறையிலும் வளரும். பாராட்டை மட்டும் வேளாவேளைக்கு ஊற்றி வந்தால் போதும்.

புரோகிராம் எழுதுவது இவன் தொழில். புரோகிராம் எல்லா வேலையையும் தானே செய்யாது. இதைக் காப்பி எடு, அதை அழி என்று சிலவற்றை மெஷினுக்குக் கட்டளையாகச் சொல்லி வேலை வாங்கும். மெஷின் மரியாதை தெரிந்தது. வேலை முடிந்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் நல்லபடியாக முடிந்தது, வேறு எண் என்றால் எங்கேயோ இடித்தது. எங்கே இடித்தது என்று சிவப்பில் ஒரு வரி புலம்பவும் செய்யும். நம்மாள் அந்த எண்ணைப் பார்ப்பானா? பார்த்தால் அப்புறம் அதற்கு ஏதாவது செய்து தொலைக்க வேண்டுமே. ஆகவே 'தவறு வந்தால்' என்கிற இடத்தில் 'ஒன்றும் செய்யாதே' என்று எழுதி, பக்கத்திலேயே தனக்கொரு குறிப்பும் வைப்பான்: அப்புறம் பார்த்துக்கலாம். அந்த அப்புறம் எந்த அலுவலகத்திலும் இதுவரை வந்ததாகத் தகவல் இல்லை.

ஆபீஸில் சோதனைப் பிரிவுப் பெண் ஒருநாள் இவன் மேஜைக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, டிஸ்க் கேபிளையே பிடுங்கிட்டேன். உங்க புரோகிராம் இன்னும் பச்சை டிக் காட்டுது."

"அது கொஞ்சம் நம்பிக்கையான புரோகிராம்ங்க."

அன்றிலிருந்து இவன் பெயரே பச்சை டிக்.

வீட்டில் இவனுக்கு ஓர் அக்கா. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாய்விட்டுப் படித்து ரிக்கார்டரில் பதிவு செய்கிறவள். அவளுக்காக இவன் ஒற்றைப் பட்டன் புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்தான். அழுத்தினால் ரிக்கார்டரில் உள்ள அன்றைய பாடம் டிஸ்க்குக்குப் போகும். மறுநாளுக்கு இடம் வேண்டுமல்லவா, ரிக்கார்டரில் இருப்பது அழிந்துவிடும். உயிரியல் புத்தகத்தில் எட்டு பாடம் நன்றாகப் போயிற்று. ஒன்பதாவதில் அக்கா கூப்பிட்டாள்.

"டேய், ஏதோ சிவப்பா எழுதி வருது. நான் எதையாவது கெடுத்துட்டேனா?"

அக்கா பயந்தால் இவனுக்குத் தாங்காது. "நீ ஒண்ணும் பண்ணலக்கா. அது சும்மா கத்தும்," என்று சொல்லி, இரண்டே நிமிடத்தில் புலம்பல்கள் எல்லாம் யார் கண்ணிலும் படாத ஒரு குழியில் போய் விழும்படி செய்து, திரை நிறையப் பச்சை டிக்கையும் வைத்தான். அந்தச் சிவப்பு வரியில் என்னதான் எழுதியிருந்தது? அவனும்தான் படிக்கவில்லை.

"இப்பதான் பார்க்கவே நல்லா இருக்கு," என்றாள் அக்கா. பாராட்டு ஊற்றியாயிற்று.

பதினான்காவது பாடத்தோடு புத்தகம் முடிந்தது, அக்காவின் தொண்டையும் முடிந்தது. டிஸ்க்கில் இருந்ததைக் காப்பி எடுத்துப் போன மாணவி திங்கட்கிழமை காலையில் போன் செய்தாள்.

"அக்கா, எட்டாவது பாடத்தோட நிக்குது. அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. வியாழக்கிழமை பரீட்சைக்கா."

இந்த இனத்துக்கென்று முதலுதவி வசனங்கள் உண்டு. "என் மெஷின்ல ஓடுச்சே," என்றான். பிறகு, "நீ பட்டனை சரியா அழுத்தினியா?"

அக்கா திட்டவில்லை. திட்டக் குரல் இல்லை. காற்றாக வந்தது: "ஆறு நாளும் அழுத்தினேன்டா. ஆறு நாளும் டிக் வந்துச்சு."

குழியை மூடிவிட்டு ஓட்டிப் பார்த்தான். சிவப்பு வரி வந்தது: டிஸ்க்கில் இடமில்லை. அவ்வளவுதான். மெஷின் ஆறு நாளும் அதையே சொல்லியிருக்கிறது. அதன் வாயில் துணி அடைத்தவன் இவன். பாடம் டிஸ்க்கில் ஏறவில்லை, ரிக்கார்டரில் மட்டும் ஒழுங்காக அழிந்திருக்கிறது.

வேறென்ன வழி? லீவு போட்டுவிட்டு ஆறு பாடத்தையும் இவனே படிக்க உட்கார்ந்தான். பக்கத்தில் அக்கா, கையில் பென்சில். தப்பு வந்தால் மேஜையில் ஒரு தட்டு. இதயத்தைப் பற்றிய பக்கத்தை எக்ஸ்பிரஸ் வேகத்தில் தாண்டினான். தட்டு.

"படத்தை விட்டுட்ட."

"படத்தை எப்படிக்கா படிக்கிறது?"

"அவளால பார்க்க முடியாதுல்ல. என்ன இருக்குன்னு சொல்லு."

வியர்க்க வியர்க்க நாலு அறையையும், ரத்தம் எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியேறுகிறது என்பதையும் சொன்னான். ஒவ்வொரு பாடத்தையும் அனுப்பிவிட்டு மாணவியைக் கூப்பிட்டான்.

"வந்துச்சாம்மா?"

"வந்துச்சுண்ணா. ஆனா ஏன் இப்படித் துரத்துற மாதிரி படிக்கிறீங்க? பத்தாவது பாடத்துல பாதி புரியல."

பத்தாவது பாடத்தை மறுபடி படித்தான்.

வியாழக்கிழமை மதியம் அவளே பேசினாள். "எப்படி எழுதின?" என்று கேட்டான். வழக்கமாக இந்த இடத்தில், சூப்பர் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு போனை வைத்துவிடுவான். அன்று வைக்கவில்லை. அவள் பதினேழு நிமிடம் பேசினாள். இரண்டு கேள்வி போயிற்றாம். அதில் ஒன்று, இவன் வரியை முழுங்கிய இடம். காது சிவக்கச் சிவக்கக் கடைசிவரை கேட்டான்.

இவ்வளவு விவரமும் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பதினான்கு பாடம் படித்த என் தொண்டை இன்னும் சரியாகவில்லை, அதை விடுங்கள்.

நமக்கும் புரோகிராமுக்கும் சம்பந்தமில்லை, தப்பித்தோம் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நல்லது. இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே வீட்டில் யாரையோ "உடம்பு பரவாயில்லையா?" என்று கேட்டீர்களே.

என்ன பதில் வந்தது?