போயிரும் ரைட்டரின் நாய்

ஏற்காட்டில் ஏதாவது நாயோ பூனையோ செத்துப்போயிருந்தால், அது 'போயிரும் ரைட்டர்' பார்க்காததாகத்தான் இருக்கும். அவர் பார்த்து "போயிருமுங்க" என்று சொன்ன எதுவும் இதுவரை போனதில்லை.

காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு வந்த ஆட்களின் பேர் எழுதிக்கொண்டிருந்த மனுஷனுக்கு வைத்தியம் எங்கிருந்து தொற்றிக்கொண்டதோ தெரியாது. எந்தப் பிராணியானாலும் காதை மடக்கிப் பார்ப்பார், ஈறை அமுக்கிப் பார்ப்பார், உச்சுக்கொட்டுவார். அப்புறம் தீர்ப்பு.

மளிகைக்கடை பாயின் பூனை ஒருநாள் கழுத்தை நீட்டி நீட்டி இருமியது.

"கொடலு ஒட்டிப்போச்சுங்க பாய். பொழுது தாண்டாது" என்றார் ரைட்டர். பூனை அவர் செருப்பின் மேலேயே ஒரு முடி உருண்டையைக் கக்கிவிட்டு, கருவாட்டுக் கூடையைப் பார்க்கப் போய்விட்டது. வெள்ளக்கடை கிராமத்தில் ஒரு நாய் பைக்கைக் கண்டால் விடாமல் துரத்தும். அதற்கும், "மூளை கலங்கிருச்சுங்க, போயிரும்." அது இன்றைக்கும் துரத்துகிறது. அதன் சொந்தக்காரர்தான் பைக்கை விற்றுவிட்டு பஸ்ஸில் போய் வருகிறார்.

இப்படியே போய், ஊரில் அது ஒரு வழக்கமாகிவிட்டது. மாட்டு டாக்டரே ஊசி போட்டு முடித்ததும், "எதுக்கும் ரைட்டரையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க" என்பார். மாரமங்கலத்திலிருந்து மடியில் நாய்க்குட்டியோடு பஸ் ஏறி வந்து, அவர் வாயால் "போயிரும்" என்று கேட்ட பிறகுதான் டீ குடிப்பார்கள். ரைட்டருக்கோ இதில் தாங்கமுடியாத வருத்தம். "பொழைச்சுக்கிச்சாமா?" என்று ஏமாந்தவர் போலக் கேட்பார்.

அவரிடமும் ஒரு நாய் உண்டு. பெயர் மேனேஜர். காலமெல்லாம் மேனேஜர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர், இப்போது "மேனேஜர், உக்காரு" என்று அதட்டுவதற்காகவே வைத்த பெயர். அது ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் பெண்டாட்டி போனபின் அந்த வீட்டில் அவரோடு பேச்சுத்துணைக்கு இருந்தது அது ஒன்றுதான்.

இந்த மழைக்காலத்தில் மேனேஜர் ஓயாமல் தும்மியது. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. கேள்விப்பட்டு, அதே தெருவில் இருக்கும் நான் ஓடினேன். ரைட்டர் காதை மடக்கவில்லை, ஈறைப் பார்க்கவில்லை. வாசலில் மழையில் நனைந்துகொண்டு டாக்டர் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சுங்க ரைட்டரே?"

"ஒண்ணுமில்லை கண்ணு. நல்லாயிரும். பொழைச்சுக்கும்."

அவர் சொல்வது தலைகீழாகத்தானே பலிக்கும்! அந்த வாயில் அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் யாரும் கேட்டதே கிடையாது. நேராகப் பாய் கடைக்கு ஓடிச் சொன்னேன். பாய் தராசை அப்படியே விட்டுவிட்டுக் குடையை எடுத்தார். போகும் வழியில் தெருவே சேர்ந்துகொண்டது.

பாய் நாயின் பக்கத்தில் குந்தி, காதை மடக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "ஏனுங்க ரைட்டரு, இது போயிருமுங்க."

ரைட்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னங்க பாய், வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா?"

"பொழுது தாண்டாதுங்க" என்றேன் நான். "நொம்பக் கஷ்டமுங்க" என்றது பின்னால் ஒரு குரல். ரைட்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மெல்ல விஷயம் புரிந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் வந்தார். மூக்கில் டார்ச் அடித்தார். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கேட்டு வாங்கி மேனேஜரின் மூக்குக்கு அடியில் வைத்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வாடைக்கு, மூக்குக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று தலையை நீட்டியது. டாக்டர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். ரத்தம் குடித்துக் கொழுத்த அட்டை. காபித் தோட்டத்து ஓடையில் தண்ணீர் குடித்தபோது ஏறியிருக்கிறது.

மேனேஜர் பலமாக ஒரு தும்மல் போட்டது. அப்புறம் எழுந்து போய் சோற்றுத் தட்டில் தலையை விட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் பையை மூடிக்கொண்டே, "நானும் பார்த்துட்டேன் ரைட்டர், போயிரும்" என்றார். எல்லோரும் சிரித்தோம், ரைட்டரைத் தவிர.

அவர் நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். வரிசையாகத் தும்மல் வேறு. என் கையைப் பிடித்து இழுத்தார்.

"கண்ணு, என்னையும் ஒருக்காப் பார்த்துச் சொல்லு சாமி."

அவர் காதை மடக்கிப் பார்த்தேன். உச்சுக்கொட்டினேன்.

"போயிருவீங்க ரைட்டரே" என்றேன்.