புற்றுமண் பூசிய மௌஸ்

தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கலாம். கத்தரிக்காயைக் காம்பு பார்த்து வாங்கலாம். மாப்பிள்ளை ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கம்ப்யூட்டர் மௌஸும் அந்த ரகம்தான் என்பது, சங்கரன்கோவிலில் ஒரு கடை நிறைய ஆள்களுக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் ஏலம் கூவியவர். அவர் மல்லிகைக்கு விலை சொன்னால் ரோட்டில் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். பக்கவாதம் வந்து அந்தக் குரலையும் வலது கையையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டு போய்விட்டது. (என் வாயை விட்டுவிட்டது. அதற்கும் ஆள் அடையாளம் தெரியவில்லை!) சிவகிரியில் டீச்சராக இருக்கும் எங்கள் மகள் செல்வி, கட்டிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துப் படங்களை ஏற்றித் தந்தாள். இடது கையால் மௌஸை நகர்த்திச் சொம்புப் படத்தில் அழுத்தினால், அவள் பதிவு செய்த குரல் "தண்ணி வேணும்" என்று சொல்லும்; அழுகிற முகத்தில் அழுத்தினால் "வலிக்கு" என்று சொல்லும். அவருக்கு மிஞ்சிய பேச்சு அவ்வளவுதான்.

அந்த மௌஸ் ஒரு நாள் செத்துப்போனது. அவர் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "தண்ணியா? பசியா? வலிக்கா?" என்று கேட்கக் கேட்க அவர் கண்தான் நிறைந்தது. பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினேன்.

"வயர் உள்ளதா, வயர் இல்லாததா ஆச்சி?" என்றார் கடைக்காரர்.

"கயிறு உள்ளதே குடு. கட்டாத மாடு எந்தக் காட்டுல மேயுமோ!"

ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டினேன்.

"என்ன ஆச்சி, உள்ள தண்ணி கெடக்கான்னு பாக்கியளா?"

"சலசலன்னு ஆடுனா நட்டு கழண்டுருக்கும்லா? இதென்ன, கலர் கலரா எரியுது? இது அவுகளுக்குப் பேச, கோயில் கொடைக்குத் தோரணமாக் கட்ட இல்ல."

இடது கைக்கு என்றதும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்த ஒன்றை எடுத்து வைத்தார். கனமாக இருந்தது. பட்டனைத் தொட்டாலே அழுந்தியது. அதையே வாங்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் முதல் மருந்து கோயில் புற்றுமண். வீட்டுக்காரர் கையில் தினமும் பூசிக்கொண்டுதான் இருந்தேன். இந்த மௌஸாவது தீர்க்காயுசாக இருக்கட்டும் என்று தண்ணீரில் குழைத்தேன். மேலே பூசினால் செல்வி கேலி பண்ணுவாள். கவிழ்த்தேன். அடியில் சின்னதாக ஒரு குழி, பூசுவதற்கென்றே வைத்தது போல. நன்றாக அப்பினேன்.

காய்ந்ததும், செல்வி போனில் சொல்லச் சொல்ல வயரைச் செருகினேன். அவர் ஆசையாக நகர்த்தினார். திரையில் அம்பு அசையவில்லை. மறுபடியும் நகர்த்தினார். பிறகு மௌஸைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த முதுகைப் பார்த்து வந்த ஆத்திரத்தை அப்படியே கடைக்குக் கொண்டுபோனேன்.

"ஏலே! பேச முடியாத மனுசன ஏமாத்துதியே, நீ நல்லா இருப்பியா?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் மௌஸைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"ஆச்சி, இது என்ன மண்ணு?"

"புத்துமண்ணு. நல்லா இருக்கட்டும்னு பூசுனேன்."

"இந்தக் குழிக்குள்ள லைட்டு இருக்கு. அது வழியாத்தான் இதுக்குப் பார்வ. கண்ண அடச்சுட்டீயளே!"

பின்னால் நின்ற ஒருவன், "ஆச்சி, எங்க வீட்டு டிவியும் சரியில்ல, கொஞ்சம் பூசிட்டுப் போங்க" என்றான். கடையே சிரித்தது. ஊரைக் கேலி பண்ணியே வளர்ந்த எனக்கு, அன்றைக்கு முகத்தை மூட முந்தானை போதவில்லை. கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் பஞ்சால் துடைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒளிக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் மௌஸைப் பிடித்தார். அம்பு ஓடியது. "வலிக்கு" என்றது கம்ப்யூட்டர்.

பதறிப்போய், "எங்கன வலிக்கு?" என்றேன்.

இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினார். பாதி வாய்தான் சிரித்தது. உடம்பு முழுக்கக் குலுங்கியது.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் நான் ஏதாவது கோளாறு பண்ணினால் செல்வி திட்டுவதில்லை. என்னை நோக்கி விரலை நீட்டி, "வலிக்கு" என்பாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால், அவள் குரலில் அதைக் கேட்டதும் என் கால் முதலில் கட்டில் பக்கம் போகிறது. அங்கே மடிக்காத துணிதான் கிடக்கிறது.